மட்டக்களப்பு வாழ்வில் ஆணும் பெண்ணும்

கிழக்கிலங்கையின் கடலோரத்தை ஒட்டி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்கு ஒரு நீர்ப்பரப்பு நீண்டு கிடக்கின்றது. அதுவே மட்டக்களப்பு வாவி. நிலவொளியில் மீன் பாடும் என்று உலகம் அறிந்த வாவி அது. அதன் கீழ்க்கரையில் வாழ்வோர் ஞாயிறு எழும் பக்கத்தவர். ஆதலின் அது எழுவான்கரை. மேல்கரையில் வாழ்வோர் ஞாயிறு படும் பக்கத்தவர். ஆதலின் அது படுவான்கரை. கடலும் தென்னையும் எழுவான்கரைக்கு உரியன. வயலும் காடும் படுவான்கரைக்கு உரியன. ஒரு கரையின் நெல்லும் மறுகரையின் மீனும் தோணியேறி வந்து ஒரே உலையைத் தேடின. இரு கரைகள் வேறு வேறாயினும் வாழ்வு ஒன்றே என்பது இப்பகுதி மக்கள் நாள்தோறும் கண்ட உண்மை.

மனித வாழ்விலும் இவ்வாறு இரு கரைகள் உண்டு. ஆண் என்பது ஒன்று. பெண் என்பது மற்றொன்று. இக்கரையில் நிற்பவர்க்கு அக்கரை வாழ்வு எத்தகையது என்று அறியும் ஆவல் இயல்பாகவே எழுகின்றது. ஆணாய்ப் பிறந்தவன் பெண்ணாய் வாழ்ந்தால் என்ன காண்பான்? பெண்ணாய்ப் பிறந்தவள் ஆணாய் வாழ்ந்தால் எதனைப் பெறுவாள், எதனை இழப்பாள்? இவ்வினா புதியது அன்று. மகாபாரதத்தின் அனுசாசன பருவத்திலே பங்காசுவனன் என்னும் அரசனின் கதை வருகின்றது. இந்திரனுடைய சினத்தால் பெண்ணாக மாறிய அவ்வரசன், மீண்டும் ஆணாகும் வாய்ப்புக் கிடைத்தபோதும் பெண்ணாகவே இருப்பேன் என்று விடை கூறினான். இராமாயணத்தின் உத்தர காண்டத்திலே இலன் என்னும் அரசன் ஒரு திங்கள் ஆணாகவும் மறு திங்கள் பெண்ணாகவும் வாழ்ந்தான் என்பர். பழைய உலகம் இவ்வினாவை நாணத்தோடு மறைக்கவில்லை. கதையாக்கிப் பிள்ளைகளுக்கும் சொல்லிற்று.

கதை சொல்வது எளிது. ஒரு சமுதாயம் தன் சட்டத்திலும் விளையாட்டிலும் கலையிலும் இவ்வினாவுக்கு எவ்வாறு விடை கண்டது என்பதை ஆராய்வதே பயன் தருவது. அத்தகைய ஆராய்ச்சிக்கு மட்டக்களப்பு நல்லதொரு களம்.

முதற்கண் சட்டத்தை நோக்குவோம். மட்டக்களப்பு மக்களின் சமுதாய அமைப்புக்கு அடிப்படையானது குடி. குடி என்பது தாய்வழியாக வருவது. ஒருவர் எக்குடியைச் சேர்ந்தவர் என்று கேட்டால் தம் தாயின் குடியையே கூறுவர். தந்தை எவ்வளவு பெருஞ்செல்வராயினும் அவருடைய குடி மக்களுக்கு வராது. உலகிப்போடி குடி, படையாண்ட குடி, பணிக்கனார் குடி முதலிய பெயர்கள் இன்றும் வழக்கில் உள்ளன. ஒரே குடிக்குள் மணம் செய்தல் ஆகாது. தாயின் தமக்கையும் தங்கையும் பெற்ற மக்கள் ஒரே குடியினர். ஆதலின் உடன்பிறந்தாரே ஆவர். மாமன் மகளோ தன் தாயின் குடியைச் சேர்ந்தவள். மாமி மகள் தந்தையின் குடியைச் சேர்ந்தவள். ஆதலின் அவர்கள் மணத்துக்கு உரியவர்கள். இம்முறை தமிழர்க்கு மட்டும் உரியதன்று. காத்தான்குடி முதல் அக்கரைப்பற்று வரை இதே கரையில் வாழும் முஸ்லிம் மக்களிடத்தும் தாய்வழிக் குடி முறை உண்டு. பள்ளிவாசல் நிருவாகத்தில் அமரும் மரைக்காயர்மாரும் குடி முறையை ஒட்டியே அமைந்தனர். சமயம் வேறாயினும் தாய்வழி ஒன்றாய் இருந்தமை இக்கரையின் தனிச் சிறப்பு.

சொத்துரிமையும் இதனை ஒட்டியே அமைந்தது. பண்டைய முக்குவர் சட்டத்தின்படி முதுசொம் வேறு, தேட்டம் வேறு. முன்னோரிடமிருந்து வந்தது முதுசொம்; ஒருவர் தம் உழைப்பால் ஈட்டியது தேட்டம். முதுசொம் பெண்வழியாக இறங்கிற்று. ஓர் ஆடவன் தன் வாழ்நாளில் அதனை ஆளலாம். அவனுக்குப் பின்னர் அது அவனுடைய மக்களுக்குச் செல்லாது, அவன் உடன்பிறந்தாளின் மக்களுக்கே செல்லும். இச்சட்ட முறையைத் திரட்டிக் கிறிஸ்தோப்பர் பிறிற்றோ என்பவர் 1876இல் நூலாக வெளியிட்டார். காலத்தின் விளையாட்டை என்னென்பது! நூல் வெளிவந்த அதே ஆண்டில் பிரித்தானிய அரசு 15ஆம் இலக்க மணவுரிமை, மரபுரிமைச் சட்டத்தை இயற்றிற்று. யாழ்ப்பாணத் தமிழர்க்குத் தேசவழமை நிலைத்தது. மட்டக்களப்பாரின் பழஞ்சட்டமோ நீதிமன்றத்தில் வலுவிழந்தது.

ஆயினும் ஏட்டிலிருந்து நீங்கிய முறை வீட்டிலிருந்து நீங்கவில்லை. மகளுக்கு மணம் பேசும்போதே வீடும் வளவும், இயன்றால் வயலும், அவள் பெயருக்கு எழுதிக் கொடுப்பது வழக்கமாய் நிலைத்தது. மணமகன் தன் வீட்டை விட்டு மணமகளின் வீட்டுக்கு வந்து சேர்வான். பெற்றோர் அவ்வீட்டைப் புதுமணத் தம்பதியர்க்கு விட்டு, அதே வளவிலோ அயலிலோ சிறிய வீடொன்று கட்டிக்கொண்டு இளைய பெண்களோடு ஒதுங்குவர். நாட்டின் பிற பகுதிகள் சிலவற்றில் மணமான பெண் அழுதுகொண்டு பிறந்தகம் நீங்குகின்றாள். இங்கே பெண் தன் தாயின் குரல் கேட்கும் தூரத்திலேயே வாழ்கின்றாள்; அயலார் நடுவே புதியவனாய் நிற்பவன் ஆடவன். கணவன் மனைவியர்க்கிடையே பிணக்கு நேர்ந்தால் வீட்டை விட்டு வெளியேறுபவன் அவனே. வீடு அவளுடையது.

சட்டவுரிமையில் ஒரு குறை எஞ்சியிருந்தது. 1876ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மணமான பெண் தன் நிலத்தை விற்கக் கணவனுடைய எழுத்து மூல இசைவு வேண்டும். 1923இல் வந்த மணமான பெண்களின் சொத்துரிமைச் சட்டம் இத்தளையை அறுத்தது. தேசவழமைக்கு உட்பட்ட பெண்களுக்கு அவ்விடுதலை அன்று கிட்டவில்லை. எனவே சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில், வீட்டின் உறுதி தன் பெட்டிக்குள்ளும் அதனை விற்கும் உரிமை தன் கைக்குள்ளும் உடைய தமிழ்ப் பெண்ணைக் காண விரும்பியவர் அவளை மட்டக்களப்பிலே காண முடிந்தது.

இதனைக் கொண்டு மட்டக்களப்பிலே பெண்ணாட்சி நடந்தது என்று முடிவு கட்டுவது பிழை. தாய்வழி என்பது வேறு. தாயாட்சி என்பது வேறு. கொக்கட்டிச்சோலையிலும் மண்டூரிலும் திருக்கோவிலிலும் பெருங்கோயில்களின் நிருவாகத்தைக் கவனித்தவர் வண்ணக்கர். அப்பதவி குடிக்குரியது, தாய்வழியை ஒட்டி மாமனிடமிருந்து மருமகனுக்கு வந்தது. எனினும் அதில் அமர்ந்தவர் ஆடவரே. போடியார் என்று ஊர் போற்றியவரும் ஆடவரே. வயல் மனைவியின் பெயரில் இருக்கும். விதைப்பு எந்நாள், வெட்டு எந்நாள் என்று முடிவு செய்தவன் கணவன். உரிமை பெண் வழியாக ஓடிற்று. அதிகாரம் ஆண் கையில் தேங்கிற்று. மேலும், வீடு கொடுக்க இயலாத ஏழைத் தந்தைக்கு மகள் பிறப்புப் பெருஞ்சுமையாயிற்று. தங்கையர்க்கு வீடு அமையும்வரை தமையன் தன் மணத்தைத் தள்ளிவைத்து உழைத்தான். நன்மையை மட்டும் எடுத்துக் கூறி இச்சுமையை மறைத்தல் வரலாற்றுக்கு அழகன்று.

இரண்டாவதாக விளையாட்டை நோக்குவோம். மட்டக்களப்பின் ஊர்தோறும் கண்ணகியம்மன் கோயில்கள் உண்டு. வைகாசித் திங்களில் சடங்கு நடைபெறும். கண்ணகி வழக்குரை பாடப்பெறும். சோழநாட்டிற் பிறந்து பாண்டிய நாட்டிலே நீதி கேட்ட ஒரு பெண், சேர நாட்டிலே தெய்வமாகி, ஈழத்தின் கிழக்குக் கரையிலே மழைக்கும் நோய்தீர்வுக்கும் உரிய தாயானாள். அரசனைத் தவறு செய்தவன் என்று அவையில் நின்று கூறிய பெண்ணை ஒரு மக்கட்கூட்டம் தன் தெய்வமாகக் கொண்டமை சிறு செய்தியன்று.

அவளுடைய வழிபாட்டோடு இணைந்தது கொம்பு விளையாட்டு. மழை பொய்த்தாலும் கொடுநோய் பரவினாலும் அம்மனைக் குளிர்விக்க இதனை ஆடுவர். ஊர் இரண்டாகப் பிரியும். வடசேரியார் கோவலன் கட்சி. தென்சேரியார் கண்ணகி கட்சி. வளைந்த வன்மரக் கொம்புகள் இரண்டை ஒன்றோடொன்று கொளுவிக் கயிறு பிணித்து இரு கட்சியாரும் எதிரெதிரே நின்று இழுப்பர். எக்கட்சியின் கொம்பு முறிகின்றதோ அக்கட்சி தோற்றதாகும். கண்ணகியும் கோவலனும் தொரட்டி கொண்டு பூப்பறித்தபோது அவை ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டன என்றும், இருவரும் இழுத்து விளையாடினர் என்றும் இதற்குக் கதை கூறுவர். சிங்கள மக்களிடையே அங்கெளிய என வழங்கும் விளையாட்டும் பத்தினித் தெய்வத்தோடு இணைந்த இதே கதையை உடையது.

இங்கே உற்றுநோக்கத் தக்கது ஒன்று உண்டு. கயிற்றை இழுப்போர் அனைவரும் ஆடவர். அவருள் ஒரு பாதியினர், நாம் கண்ணகியின் கட்சி, பெண்ணின் கட்சி என்று பெருமையோடு சொல்லி முழுவலியோடு இழுக்கின்றனர். பெண்ணின் கட்சி வென்றால் அவர்கள் ஆடுகின்றனர்; பாடுகின்றனர்; தோற்ற ஆண்கட்சியாரை எள்ளி நகையாடுகின்றனர். அயல்வீட்டு ஆடவனே மறுகட்சியில் நிற்கின்றான். ஆண் பெண் பூசலை வீட்டுக்குள் அடைத்து வைக்காமல் வெட்டவெளிக்குக் கொணர்ந்து, கயிறு பிடித்து இழுத்து, ஊர் சிரிக்கத் தீர்த்துவிடும் இவ்வழக்கத்திலே ஆழ்ந்த உளநூல் அறிவு அடங்கியுள்ளது.

மூன்றாவது கலை. மட்டக்களப்பின் பெருஞ்செல்வம் கூத்து. வடமோடி, தென்மோடி என அது இருவகைப்படும். போரும் வீரமும் மிக்க பாரத, இராமாயணக் கதைகள் பெரும்பாலும் வடமோடியில் அமைந்தன. அலங்காரரூபன் நாடகம் போன்ற காதற் கதைகள் தென்மோடியில் அமைந்தன. அறுவடை முடிந்தபின் அண்ணாவியார் ஊர் இளைஞரைக் கூட்டி, இன்னார்க்கு இன்ன வேடம் என்று வகுத்துப் பாடற் பகுதிகளை எழுதிக் கொடுப்பார். சட்டங் கொடுத்தல் என்பது அதன் பெயர். மாதக் கணக்கில் இரவுதோறும் பயிற்சி நடக்கும். பின்னர்ச் சதங்கையணி விழா. அதன் பின்னர் அரங்கேற்றம். வட்டக் களரியைச் சூழ ஊர் முழுவதும் பாய் விரித்து அமர்ந்து விடியும்வரை பார்க்கும்.

இக்கூத்திலே திரௌபதையும் சீதையும் ஆடவரே. மரபுக் களரியிலே பெண்கள் ஆடவில்லை. ஆடவரே பெண் வேடம் பூண்டனர். அதற்கெனத் தனித் தாளக்கட்டுக்களும் தனி ஆட்ட முறையும் உண்டு. அரச வேடத்தார் கரப்புடுப்பு அணிந்து கிரீடம் தாங்கிப் பாய்ந்து சுழன்று ஆடுவர். பெண் வேடத்தாரோ மென்னடை பயின்று, கையசைவும் கண்ணசைவும் அடக்கி, இழைந்த குரலில் பாடவேண்டும். பகலிலே ஏர் பிடித்துக் காய்ப்பேறிய கை, இரவிலே வளையல் அணிந்து மெல்ல அசையக் கற்றுக்கொள்ளல் எளிதன்று. அரக்குச் சேலையும் நகையும் மட்டும் ஒருவனைப் பெண்ணாக்கிவிடா. தன் அன்னையும் தமக்கையும் எவ்வாறு நடக்கின்றனர், எவ்வாறு துயரை அடக்குகின்றனர், எவ்வாறு சினந்து எழுகின்றனர் என்று அதுவரை காணாத கண்ணோடு அவன் காணவேண்டும். துகிலுரியப்பட்ட அவையிலே நின்று, அறிவுடையோர் நிறைந்த அவையிலே எனக்கு நீதி இல்லையா என்று கேட்கும் திரௌபதையின் சொற்களைத் தன் வாயால் பல இரவு பாடிய இளைஞன், பாடுமுன் இருந்த இளைஞனாகவே மீள்வது அரிது. கல்முனைக்கு அருகிலுள்ள பாண்டிருப்பிலே திரௌபதை அம்மனுக்கு 18 நாள் விழா நடைபெறுகின்றது. அங்கே பாண்டவராகவும் திரௌபதையாகவும் கோலங்கொள்ளும் ஆடவர் நோன்பிருந்து வனவாசஞ் சென்று இறுதியில் தீமிதிக்கின்றனர். அங்கே வேடம் நடிப்பாகாது தவமாகின்றது.

இவ்வழக்கம் மட்டக்களப்புக்கு மட்டும் உரியதன்று. சேக்சுபியரின் நாயகியரை இங்கிலாந்து மேடையில் நடித்தவர் சிறுவரே. யப்பானின் கபுகி மேடையிலிருந்து 1629இல் பெண்கள் விலக்கப்பட்டனர். பின்னர்ப் பெண் வேடம் ஆடவரின் கலையாயிற்று. தமிழகத்திலே இதற்கு மறுதலையும் நிகழ்ந்தது. கும்பகோணம் பாலாமணி அம்மையார் பெண்களே நிறைந்த நாடகக் குழுவை நடத்தினார். கே. பி. சுந்தராம்பாள் 1935இல் வெளிவந்த திரைப்படத்திலே நந்தனாராக, ஆண் வேடத்திலேயே தோன்றினார். பெண் ஆணாகி நடித்தபோதும் மக்கள் கைகூப்பிக் கேட்டனர். குரலிலே உண்மை இருந்தது, அதுவே போதுமானதாயிற்று.

எனினும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். களரியிலே ஆடவன் பெண்ணாய் அழுதான். பாயிலே அமர்ந்திருந்த பெண் அதனைக் கேட்டாள். தன் துயரைத் தன் வாயால் பாடும் இடம் அவளுக்கு அங்கே இல்லை. தாலாட்டும் ஒப்பாரியும் குரவையும் அவளுடையன, களரியோ அவளுடையதன்று. வாழ்விலே வீட்டுக்கு உடைமையாளியாயிருந்தவள் அரங்கிலே பார்வையாளியாகவே இருந்தாள். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்திலே கர்ணன் போர், இராவணேசன் முதலிய கூத்துக்களைச் சுருக்கி நகர மேடைக்குக் கொணர்ந்தார். அதன்பின் கற்றோர் கூத்தை மதிக்கத் தொடங்கினர். பேராசிரியர் சி. மௌனகுரு இவ்வாராய்ச்சியை மேலும் வளர்த்தார். காலப்போக்கில் பெண்களும் காலிலே சதங்கை கட்டினர். பெண்களின் சொந்தக் குரலும் வேறு வாயில்களால் எழுந்தது. 1986இல் வெளிவந்த 'சொல்லாத சேதிகள்' ஈழத்துப் பெண்களின் கவிதைகளைத் தாங்கிய தொகுப்பு. மட்டக்களப்பில் வாழ்ந்து கற்பித்த சித்திரலேகா மௌனகுரு அதன் ஆக்கத்தில் முன்னின்றவர்.

வேடமும் ஆவலும் பற்றிப் பேசுமிடத்து மற்றொரு சாராரை மறந்துவிடல் ஆகாது. உடலால் ஒரு பாலும் உள்ளத்தால் மறுபாலுமாய்ப் பிறந்தோர் எக்காலத்தும் எவ்வூரிலும் இருந்துள்ளனர். ஓரிரவு வேடம் அவர்க்கு வாழ்நாள் முழுவதுமான உண்மை. பெண் வேடக்காரனைக் கைதட்டி வாழ்த்திய ஊர், இத்தகையோரை நகைத்து ஒதுக்கியதும் உண்டு. இந்திய உச்ச நீதிமன்றம் 2014இல் அவர்தம் உரிமையை ஏற்றுத் தீர்ப்பளித்தது. இலங்கையிலும் 2016 முதல் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் பெறும் வழி திறந்தது. கதையிலே பங்காசுவனனுக்கு இரங்கிய நாம் தெருவிலே காணும் மனிதர்க்கு இரங்காதிருத்தல் முறையாகாது.

இனி, இக்காலத்து வரலாற்றுக்கு வருவோம். 1931இல் இலங்கைப் பெண்கள் ஆடவரோடு ஒப்ப வாக்குரிமை பெற்றனர். 1960இல் சிறிமாவோ பண்டாரநாயக்கா உலகின் முதற் பெண் பிரதமரானார். இவ்வளவு முன்னேறிய நாட்டிலே, மட்டக்களப்புப் பெண் பரம்பரையாய்ப் பெற்றிருந்த உரிமை மெல்லக் கரைந்தது என்றால் வியப்பாகத் தோன்றும். அது நிகழ்ந்தது இவ்வாறு:

1935இல் காணி அபிவிருத்திச் சட்டம் இயற்றப்பட்டது. அரச காணியைக் குடியேற்றவாசிகளுக்கு வழங்குவதற்கு அதுவே அடிப்படை. உரிமையாளர் பின்னுரித்தாளரைக் குறிக்காது இறந்தால் காணி யாருக்குச் செல்லும் என்பதற்கு அச்சட்டம் ஒரு வரிசை வகுத்தது. அவ்வரிசையிலே மகளுக்கு முன்னே மகன் நின்றான். 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டுப் பெரிய குடியேற்றத் திட்டம் தொடங்கியது. தாயிடமிருந்து மகளுக்கு வயல் இறங்கிய மண்ணின் அருகிலேயே, தந்தையிடமிருந்து மகனுக்கு வயல் இறங்கும் புதுமுறை வேரூன்றிற்று. எவரும் பெண்ணின் உரிமையைப் பறிக்க எண்ணிச் சூழ்ச்சி செய்தாரல்லர். குடும்பத்தின் தலைவன் ஆணே என்று சட்டம் எழுதியோர் கருதினர், கருத்தே சட்டமாயிற்று.

2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையை அழித்தது. கல்லடியிலும் நாவலடியிலும் காரைதீவிலும் மருதமுனையிலும் வீடுகள் மண்ணோடு மண்ணாயின. அழிந்தவற்றுட் பல பெண்களுக்குச் சீதனமாய் வந்த வீடுகள். உதவி வழங்க வந்த அலுவலர் குடும்பத் தலைவர் யார் என்று வினவினர். கணவன் பெயரே பதிவேட்டில் ஏறியது. தாயின் வீடு நீரிலே போயிற்று. புதுவீடு கணவன் பெயரில் வந்தது. தலைமுறை தலைமுறையாய் வந்த ஒரு பெண்ணுரிமை, ஒரு விண்ணப்பப் படிவத்தின் ஒரு கட்டத்திலே மாறிவிட்டது. மட்டக்களப்பின் பெண்கள் அமைப்புக்கள் இதனை உணர்ந்து குரலெழுப்பின. உறுதி மனைவியின் பெயரிலோ இருவர் பெயரிலுமோ அமையவேண்டும் என்று கோரின. காணி அபிவிருத்திச் சட்டத்தின் ஆண் முன்னுரிமையோ 2022இலேயே திருத்தப்பட்டது. ஒரு சொல்லை நீக்க 87 ஆண்டுகள் சென்றன.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? ஆணும் பெண்ணும் வேறுபட்டவர் என்பதில் ஐயமில்லை. வேறுபாடு உயர்வு தாழ்வுக்குக் காரணமாகாது என்பதே அறிய வேண்டுவது. மறுகரை வாழ்வை அறியும் ஆவல் நல்லது. கொம்பு விளையாட்டிலே கண்ணகிக்காகக் கயிறு பிடித்தவனும் கூத்திலே திரௌபதையாய் நின்றவனும் அவ்வாவலால் மனம் விரிந்தவரே. ஆனால் ஓரிரவு பெண்ணாய் நின்று பார்த்தவன், விடிந்தபின் வீட்டிலும் வயலிலும் கோயில் அவையிலும் பெண்ணுக்கு உரிய இடத்தை விட்டுக்கொடானாயின் அவ்விரவு வீணே. உறுதியிலே அவள் பெயர் இருத்தல் வேண்டும். அவையிலே அவள் சொல் இருத்தல் வேண்டும். முன்னதை முன்னோர் தந்தனர். காத்தல் இன்றையோர் கடன். பின்னதை முன்னோர் தரவில்லை. அதனைத் தருவதும் இன்றையோர் கடனே.